மகனுக்கு கிரவுண்டைத் திருப்பிக் கொடுங்கள், மகளுக்குச் சாப்பாட்டை

வாசகி கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். சின்ன வயதில் பாக்ஸிங் கற்றுக்கொண்டவர், வீட்டுக் கஷ்டத்தில் பாதியில் விட்டவர். மகனுக்கு 14 வயது, பத்தாவது படிக்கிறான். எட்டு வயதிலிருந்து வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான். "பத்தாவது வந்தாச்சு, போதும்" என்று ஜூன் மாதம் அவர் நிறுத்திவிட்டார். பூட்ஸை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பையன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ராத்திரி ஒரு மணி வரை போன். காலாண்டுத் தேர்வில் போன வருடத்தைவிட மார்க் குறைந்துவிட்டது.

மகளுக்கு 12 வயது. அவளை அவரே பாக்ஸிங்கில் சேர்த்தார். நன்றாக ஆடுகிறாள், மெடலும் வாங்கியிருக்கிறாள். ஆனால் போட்டி வந்தால் நாலு நாள் முன்பே வயிற்றுவலி என்கிறாள். ரெண்டு கிலோ குறைத்தால் கீழ் எடைப் பிரிவில் சுலபமாக ஜெயிக்கலாம் என்று ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி, மழைக்கோட்டு போட்டு ஓடவிடுகிறார். "கேரம் காசிமாவைப் பார், நம்ம ஏரியா பொண்ணுதானே" என்கிறார். விளையாட்டு பிள்ளைகள் மனசுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டில் ஒருவன் விளையாடாமல் வாடுகிறான், ஒருத்தி விளையாடி வாடுகிறாள். நான் என்ன செய்வது?

மனநல மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகள் விஷயம். அதிலும் முதலில் அந்த மழைக்கோட்டு. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இது மட்டும் காத்திருக்கக் கூடாது.

நம்மூர்க் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். வியர்வை சுலபத்தில் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதன்மேல் மழைக்கோட்டையும் மாட்டி ஓடவிட்டால் உள்ளே ஏறும் சூடு வெளியேற வழியே இல்லை. 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து, காற்றுப் புகாத உடை போட்டுக்கொண்டு, சூடான இடத்தில் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள். பயிற்சியில் ஊறிய இளைஞர்களுக்கே அந்தக் கதி. உங்கள் மகளுக்கு 12 வயது. உங்கள் வீட்டுக்காரர் தன் காலத்தில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்திருப்பார், அதனால் சாதாரணமாகத் தெரிகிறது. இந்த மூன்று பேர் கதையை அவரிடம் சொல்லுங்கள். அப்படி ஓடிக் குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

ராத்திரி சாப்பாடும் அப்படித்தான். பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளரும் பருவம் இது. ஒரே வருடத்தில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் கூட உயரம் ஏறும். இந்த வயதில் எடை கூடுவதுதான் ஆரோக்கியம். கூடாமல் நின்றால்தான் நாங்கள் கவலைப்படுவோம். உடம்பு செய்யும் வேலைக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு வலுக் குறையும், தூக்கம் கெடும், எரிச்சலும் அழுகையும் வரும். ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு 2014-இலேயே இதைத் தனிக் கோளாறாகப் பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. பன்னிரண்டு வயதில் "நான் சாப்பிட்டால் தப்பு" என்று ஒரு பெண் கற்றுக்கொண்டால், பாக்ஸிங்கை விட்ட பிறகும் அந்த எண்ணம் அவளை விடாது. தட்டைப் பார்த்தாலே பயப்படும் பெண்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு அது ஆரம்பித்த இடம் எடை மெஷின்தான்.

ஆகவே இன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு போடுங்கள். அவள் வளர்ந்து எந்தப் பிரிவில் நிற்கிறாளோ அந்தப் பிரிவில் ஆடட்டும். அங்கே தோற்றால் தோற்கட்டும்.

இப்போது வயிற்றுவலி. அவள் நடிக்கவில்லை. பயம் வந்தால் குடலுக்குப் போகும் ரத்தம் குறையும், குடலின் அசைவு மாறும், வலி நிஜமாகவே வலிக்கும். ஆனாலும் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டினியால் வயிறு புண்ணாகியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய வலியாகக்கூட இருக்கலாம். அதையெல்லாம் பார்த்து இல்லை என்றான பிறகு, வலி என்றைக்கு வருகிறது, என்றைக்கு வரவில்லை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். பயிற்சி இல்லாத நாளில் இல்லாமல், போட்டி நெருங்க நெருங்க ஏறினால் விஷயம் தெளிவு.

போட்டிக்கு முன்னால் படபடப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். உள்ளங்கை வியர்க்கும், அடிக்கடி பாத்ரூம் போவார்கள், ரெண்டு இட்லிக்கு மேல் இறங்காது. மணி அடித்து ஆட்டம் ஆரம்பித்ததும் அது காணாமல் போகும். முடிந்ததும் அகோரப் பசி எடுக்கும். இந்தப் படபடப்பு நல்லது. நெஞ்சு அடித்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது, அது தானே அடங்கும் என்று பிள்ளையின் உடம்பு கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். பிற்காலத்தில் பரீட்சை ஹாலிலும் இன்டர்வியூவிலும் அந்தப் பாடம் கைகொடுக்கும். உங்கள் மகளுக்கு நடப்பது வேறு. நாலு நாள் முன்னாலேயே தொடங்குகிறது. ஜெயித்த பிறகு அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டுப் பாருங்கள். "சந்தோஷமா இருந்துச்சு" என்றால் ஒரு கதை. "அப்பாடா, திட்டு விழாது" என்றால் முற்றிலும் வேறு கதை.

ஓட்டப் பந்தயத்தில் நன்றாக வரும் ஒரு பெண் குழந்தை என்னிடம் சொன்னாள்: "நான் ஜெயிச்ச அன்னைக்கு எங்க வீட்ல டிவி ஓடும் டாக்டர். தோத்த அன்னைக்கு ஓடாது." அவள் அப்பா அவளை அடித்ததில்லை, திட்டியதுகூட அபூர்வம். வீடு அமைதியாகிவிடும், அவ்வளவுதான். தட்டு வைக்கும் சத்தத்தைக்கூட அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். டிராக்கில் எட்டு பேர் ஓடினார்கள். அவள் மட்டும் வீட்டு டிவியையும் சுமந்துகொண்டு ஓடினாள்.

மகளிடம் எப்போது கேட்பது என்று யோசிப்பீர்கள். தலை பின்னிவிடும்போது கேளுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசும்போது இந்த வயதுப் பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள். "பாக்ஸிங் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "பிடிச்சிருக்கு" என்றுதான் பதில் வரும், அது அப்பாவுக்கான பதில். "பிராக்டிஸ்ல எது ஜாலியா இருக்கு? எது வேண்டாம்னு தோணுது?" என்று கேளுங்கள். ஸ்கிப்பிங்கும், மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்துவதும் பிடிக்கிறது, போட்டிதான் பயம் என்று சொல்லலாம். தோழிகளுக்காகவே போகிறேன் என்று சொல்லலாம். எது சொன்னாலும் மேல்கேள்வி கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். எடை பார்ப்பது யார், எங்கே வைத்து, என்ன உடையில் என்பதையும் பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். பெண் பிள்ளைக்கு எடை பார்க்கும்போது ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்காத மாஸ்டர்தான் நல்ல மாஸ்டர். யாராவது தொட்டதாகவோ தப்பாகப் பேசியதாகவோ அவள் சொன்னால், அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

குத்துச்சண்டை பற்றி ஒரு வார்த்தை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்குத் தெரியும். தாத்தா பெயரைச் சொல்லி, அவர் எந்தக் குத்துச்சண்டைப் பரம்பரை என்று இன்றும் பேசுகிற ஊர் இது. ஆனாலும் மருத்துவராக மறைக்காமல் சொல்ல வேண்டும்: அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தலையைக் குறிவைத்து அடிக்கும் விளையாட்டு என்பதால் குழந்தைகளுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். வளரும் மூளை அடி தாங்காது. என் கருத்து இது: அவளுக்குப் பிடித்திருந்தால் கால் வைக்கும் முறை, ஸ்கிப்பிங், பேக், பேட் எல்லாம் தொடரட்டும்; தலையில் அடி விழும் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சிச் சண்டை, இந்த வயதில் வேண்டாம். அப்படியே ஒருநாள் தலையில் பலமாகப் பட்டு, தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, திடீர் எரிச்சல் ஏதாவது வந்தால், அன்று அவள் மறுபடி ரிங்குக்குள் போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

இனி உங்கள் பையன். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அவன்தான்.

ஜூன் மாதம் அவனிடமிருந்து எதை எடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பந்தை மட்டும் எடுக்கவில்லை. ஆறு வருடமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டத்தை எடுத்தோம். வீட்டுக்கு வெளியே அவனைக் கவனித்த ஒரு பெரியவரை, அவனுடைய கோச்சை எடுத்தோம். படுத்தவுடன் தூங்கவைத்த உடல் அசதியை எடுத்தோம். "நான் லெஃப்ட் விங் ஆடுவேன்", "நான் கோல்கீப்பர்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்த ஒரு பதிலை எடுத்தோம். இவ்வளவும் ஒரே நாளில் போயிற்று, அதுவும் அவனைக் கேட்காமல். பெரியவர்களுக்கு இப்படி ஒரே நாளில் வேலையும் ஊரும் நண்பர்களும் போனால் படுத்துவிடுவோம். அவன் எரிந்து விழுகிறான். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமில்லை, எரிச்சலாகவும் வரும். "திமிர்" என்று வீட்டில் பெயர் வைக்கிறோம்.

போன்மேல் பழியைப் போடாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு அவன் எதைப் பார்க்கிறான் என்று கோபப்படாமல் ஒருநாள் கவனியுங்கள். பழைய டீம் பசங்களின் குரூப்பையோ மேட்ச் வீடியோவையோதான் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது என் ஊகம். கிரவுண்டில் கிடைத்ததைப் போனில் தேடுகிறான்.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். விளையாடும் நேரத்தைப் பிடுங்கிப் படிப்புக்குக் கொடுத்தால் மார்க் ஏறும் என்பது நம் எல்லா வீட்டிலும் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. பள்ளியில் உடற்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கியதால் மார்க் குறையவில்லை, பல இடங்களில் கவனமும் வகுப்பில் நடந்துகொள்ளும் விதமும் மேம்பட்டன என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஓடியாடும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. நினைவாற்றலுக்கான பகுதியில் நரம்பணுக்கள் வளரவும் ஒன்றோடொன்று இணையவும் உதவும் புரதங்கள் சுரக்கின்றன. அசந்த உடம்பு ஆழமாகத் தூங்குகிறது, பகலில் படித்தது அந்தத் தூக்கத்தில்தான் மனதில் படிகிறது. 14 வயதுப் பையனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் அஞ்சு மணி நேரம். காலாண்டு மார்க் ஏன் குறைந்தது என்பதற்கு இதற்குமேல் துப்பறிய வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும் என்கிறது. பத்தாவது படிப்பவனுக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. தண்டையார்பேட்டையில் அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கே கிடைக்கும்? தெருவில் பைக்கும் ஆட்டோவும் நிற்கின்றன. எண்ணூர் பக்கம் போகும் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. மாடியில் பந்து உதைத்தால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கிரவுண்ட் என்பது எளிதில் ஈடுகட்ட முடியாத விஷயம். அவனுக்கு அது ஏற்கெனவே கிடைத்திருந்தது.

உங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயமும் இதில் இருக்கும் என்று நினைக்கிறேன். கெட்ட சகவாசம். வளர்ந்த பையன் வெளியே சுற்றினால் கஞ்சா, அடிதடி, போலீஸ் என்று ஏதாவது வந்துவிடுமோ என்று வடசென்னை அப்பாக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. விளையாடினால் மட்டும் போதும், பையன் தப்பு வழிக்கே போகமாட்டான் என்று நான் உத்தரவாதம் தரவும் மாட்டேன். டீமில் மூத்த பசங்க யார், ஆட்டம் முடிந்து எங்கே உட்கார்கிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒரு பெரியவரின் கண்பார்வையில் வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறவனைவிட, வேலையே இல்லாமல் தெருமுனையில் நிற்கிறவனைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஆகவே பையனை மறுபடி அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்பதுதான் முக்கியம். "அரையாண்டில் நானூறு வாங்கு, அப்புறம் கிரவுண்டுக்குப் போ" என்று பேரம் பேசாதீர்கள். சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு மருந்தைப் பரிசாக வைக்கக் கூடாது. அவனிடம் சொல்ல வேண்டியவர் அப்பாதான், நீங்கள் சொன்னால் பாதிப் பலன்தான். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். "நிறுத்தினது உனக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு தெரியுது. திரும்பப் போ. எத்தனை நாள், எத்தனை மணின்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கலாம்." இது போதும். பரணிலிருந்து பூட்ஸை அவரே எடுத்துக் கொடுக்கட்டும். இந்த வயதில் நாலு மாதத்தில் கால் வளர்ந்து பூட்ஸ் சேராமல் போயிருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனுமாகப் பெரியமேடு போய் ஒரு ஜோடி பார்த்துவிட்டு வரலாம்.

அட்டவணையை அவனையே போடச் சொல்லுங்கள். வாரத்தில் நாலு நாள், சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம், ஞாயிறு மேட்ச் என்று வைத்துக்கொண்டால் போதும். டியூஷன் நேரம் மோதினால் கோச்சிடமும் டியூஷன் சாரிடமும் பேசி ஒன்றை நகர்த்துங்கள். இந்தப் பக்கத்துக் கோச்சுகள் பலர் பொதுத்தேர்வு வருடத்தில் விட்டுக்கொடுப்பவர்கள்தான். பொதுத்தேர்வு நெருங்கும்போது மேட்சைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓடுவதைத் தேர்வு முடியும்வரை நிறுத்த வேண்டாம். போன் பத்து மணிக்கு ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். அப்பா போனும் கூடவே போகட்டும், இல்லாவிட்டால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒருவன் விளையாடாமல் வாடுகிறான், ஒருத்தி விளையாடி வாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே காரணத்தால்தான். பையனுடைய விளையாட்டு அவனுடையதாக இருந்தது, அதை எடுத்துவிட்டோம். மகளுடைய விளையாட்டு அவளுடையதாக ஆகவே இல்லை. விளையாட்டு தானாக யார் மனதையும் தேற்றுவதில்லை. யாருக்காக ஆடுகிறோம், யாரோடு ஆடுகிறோம், தோற்றுவிட்டு யாரிடம் திரும்பிப் போகிறோம் என்பதில்தான் அந்த மருந்து இருக்கிறது.

2022-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 9 முதல் 13 வயது வரை உள்ள 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். டீமாக ஆடும் பிள்ளைகளிடம் பதற்றமும் சோர்வும் மற்றவர்களோடு பழகுவதில் சிக்கலும் குறைவாக இருந்தன. தனியாள் விளையாட்டு மட்டும் ஆடும் பிள்ளைகளிடமோ, எதுவுமே ஆடாத பிள்ளைகளைவிட இவை அதிகமாக இருந்தன. இதை வைத்து பாக்ஸிங்கும் டென்னிஸும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. எதனால் எது வந்தது என்பதை அந்த மாதிரி ஆய்வு காட்டாது. ஆனால் ரிங்கில் தனியாக நிற்கும் பிள்ளைக்குத் தோல்வியைப் பங்குபோட யாரும் இல்லை, மொத்தப் பார்வையும் அவள் மேல்தான் என்பது எனக்குப் புரிகிறது. மகள் பள்ளியில் தோழிகளோடு கோ-கோவோ எறிபந்தோ ஆடட்டும். பதக்கம், செலக்‌ஷன் எதுவும் இல்லாத ஒரு ஆட்டம் அவளுக்கு வேண்டும். அதற்காக ஒரு நாள் பாக்ஸிங் பயிற்சியைக் குறைத்தாலும் நஷ்டமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும் வேண்டும், அது கண்டிப்பு.

காசிமாவைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் எனக்கும் பெருமைதான். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார் என்றால் இந்தப் பகுதியில் எந்த அப்பாவுக்குத்தான் நெஞ்சு நிமிராது? மகளைப் பெரிதாகப் பார்க்க நினைக்கும் அப்பா கிடைப்பது ஒரு பெண்ணுக்கு வரம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதும் அவர் மனதில் இருக்கும். தினக்கூலியின் நிச்சயமின்மையை அன்றாடம் பார்ப்பவர் அப்படி யோசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பிடிக்கும் மெடலால் அந்த வேலை கிடைக்கப்போவதில்லை. அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் அவள் பதினெட்டு வயதிலும் ஆசையோடு ஆடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேகத்தில் போனால் பதினாலிலேயே கிளவுஸைக் கழற்றிவிடுவாள். அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் நடுவே "என் மனநிலை சரியில்லை" என்று பல போட்டிகளிலிருந்து விலகினார். கோழை என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஓய்வு எடுத்தார், சிகிச்சை எடுத்தார், 2024-இல் பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். ஓய்வு எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயப்படும் அப்பாவிடம் நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இது.

அவரிடம் எப்படிப் பேசுவது? "நீங்க பொண்ணைக் கெடுக்கிறீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாக்ஸிங்கை விட வேண்டி வந்தபோது அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு, ஜூன் மாதம் நம் பையனுக்கும் அதே வலிதான் என்று சொல்லுங்கள். அவர் புரிந்துகொள்வார் என்றே நம்புகிறேன்.

அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம். போட்டி முடிந்து மகளை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவரும் அரை மணி நேரம் இருக்கிறதே, பல பிள்ளைகள் போட்டியைவிட அதற்குத்தான் பயந்து சாகிறார்கள். "அந்த லெஃப்ட்டை ஏன் விட்டே, கையை ஏன் இறக்கினே" என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முன்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். இறங்கி ஓட முடியாது. அந்த அரை மணி நேரம் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே கடையில் வண்டியை நிறுத்தி, பரோட்டாவோ அத்தோவோ, அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுக்கட்டும். நுணுக்கம் சொல்லித்தர மாஸ்டர் இருக்கிறார், மறுநாள் பயிற்சி இருக்கிறது. வரும் போட்டி ஒன்றுக்கு அவள் போகாமல் இருக்கட்டும் என்பதும் என் யோசனை. அடுத்ததற்குப் போவதா என்று அவளே சொல்லட்டும். "வேண்டாம்" என்று சொன்னாலும் வீட்டில் டிவி ஓடட்டும்.

வீட்டளவில் சமாளிக்கக் கூடாத நிலை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் கிரவுண்டுக்குத் திரும்பப் போய் ஒரு மாதமாகியும் அப்படியே இருந்தால், அல்லது போகவே பிடிக்கவில்லை என்று சொன்னால், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் சோர்வு அல்லது எரிச்சல், பிடித்ததில்கூட நாட்டமின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போவது எல்லாம் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோய். ஓட்டத்தால் மட்டும் அது தீராது, சிகிச்சை வேண்டும். மகள் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுத்தால், எடை தொடர்ந்து இறங்கினால், வந்த மாதவிடாய் நின்றால் அவளையும் தாமதிக்காமல் கூட்டிப்போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். பையனைக் கூட்டிப்போனால் கொஞ்ச நேரம் அவனைத் தனியாகப் பேசவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். "செத்துப்போனா நல்லாருக்கும்" என்பது போல இருவரில் யார் சொன்னாலும், கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாமல் அன்றே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ ராத்திரி எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளைகளுக்காக மட்டுமில்லை, இந்த நாலு மாதமாக நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்குப் பேச வேண்டும் போலிருந்தாலும் அதே எண்தான்.